ஜப்பான் போகிறீர்களா? மூன்று மாதம் முன்பே ஜப்பானைப் படிக்கத் தொடங்குங்கள்

ஒசாக்காவில் ஒரு சந்துக்கடை. நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். உடன் வந்த நண்பர் சுத்த சைவம். செல்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்த ‘இறைச்சி வேண்டாம்’ என்ற வரியைக் கடைக்காரம்மாவிடம் காட்டினோம். அவர் தலையாட்டிவிட்டு இரண்டு கிண்ணம் ஊதோன் கொண்டுவந்து வைத்தார். தடித்த வெள்ளை நூடுல்ஸ், தேன் நிறத்தில் தெளிந்த சாறு, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். நண்பர் பாதிக் கிண்ணம் குடித்துவிட்டார். நான் முதல் வாயிலேயே நிறுத்தினேன். எனக்குத் தூத்துக்குடிப் பக்கம், அந்த வாசனை தெரியும். மாசிக் கருவாடு!

கடைக்காரம்மா ஏமாற்றவில்லை. இறைச்சி வேண்டாம் என்றோம், இறைச்சி இல்லை. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, அதைச் சீவிச் சாறு இறக்குவதுதான் அங்கே சமையலின் முதல் வேலை. அதை யாரும் மீனாக நினைப்பதே இல்லை, நாம் பெருங்காயத்தை ஒரு காயாக நினைக்காத மாதிரி.

அந்தப் பயணத்துக்கு நான் செய்திருந்த தயாரிப்பு, பார்க்க வேண்டிய 23 இடங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம்கூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் தடுக்கியது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சாறு தடுக்கியது, சில்லறை தடுக்கியது, ரயில் நிலையத்தின் வாசல் தடுக்கியது, கையில் இருந்த குப்பையைப் போட இடமில்லாமல் மூன்று மணி நேரம் நடந்தேன். இரண்டாவது முறை போவதற்கு முன் வேறு வரிசையில் படித்தேன். அந்த வரிசைதான் இது.

1. பன்னிரண்டு வாரம் முன்பு: வரைபடமும் நாள்காட்டியும்

முதலில் நாட்டின் அளவு மனதில் பதிய வேண்டும். ஜப்பானின் பரப்பு ஏறக்குறைய 3,78,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்குச் சற்றே குறைவு. மக்கள் 12 கோடிக்கும் சற்று மேல். இதில் மூன்றில் இரண்டு பங்கு மலை. ஊர்கள் எல்லாம் கடலோரச் சமவெளிகளில் நெருக்கியடித்து இருப்பதற்கும், ரயில் பாதை அவற்றைக் கோத்துக்கொண்டு போவதற்கும் காரணம் இதுதான். பெரிய தீவுகள் நான்கு: வடக்கே ஹொக்கைதோ, நடுவில் ஹொன்ஷு, தெற்கே ஷிகோகு, கியூஷு. தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா, ஹிரோஷிமா நான்கும் ஹொன்ஷுவில்தான். முதல் பயணத்துக்கு ஹொன்ஷு ஒன்றே போதும். பத்து நாளில் ஹொக்கைதோவும் சேர்த்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

அடுத்து நாள்காட்டி. பயணச்சீட்டு வாங்கும் முன்பே இதைப் பார்க்க வேண்டும், பிறகு பார்த்துப் பயனில்லை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை விடுமுறைகள் அடுத்தடுத்து வரும், நாடே ரயிலில் இருக்கும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன், முன்னோரை நினைத்துச் சொந்த ஊர் திரும்பும் நாட்கள், நம் தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்து நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மூன்று நாள் கடைகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஜூனில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். கோடையில் கியோத்தோவின் புழுக்கம் சென்னையை நினைவுபடுத்தும், அதற்கு அவ்வளவு செலவு செய்து போக வேண்டியதில்லை.

செர்ரிப்பூ தோக்கியோவில் பொதுவாக மார்ச் கடைசியில் பூக்கும், ஒரு வாரம் பத்து நாளில் உதிர்ந்துவிடும். அதை நம்பித் தேதி குறிப்பது கொஞ்சம் சூதாட்டம். கூட்டமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் நவம்பர் பின்பாதி. மேப்பிள் மரங்கள் சிவக்கும், வானம் தெளிந்திருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

2. பத்து வாரம் முன்பு: ஐந்து ஆண்டுகள், அதற்குமேல் வேண்டாம்

வரலாற்றுப் புத்தகம் முழுக்கப் படிக்கத் தேவையில்லை. ஐந்து ஆண்டுகளை மட்டும் மனதில் வைத்தால் கண்ணில் படுவது பாதி புரியும். 794இல் கியோத்தோ தலைநகரானது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பேரரசர் இருந்த ஊர். 1603இல் தொக்குகாவா குடும்பம் ஆட்சிக்கு வந்து எதோவிலிருந்து ஆண்டது. அந்த எதோதான் இன்றைய தோக்கியோ. 1868இல் அந்த ஆட்சி முடிந்து மெய்ஜி காலம் தொடங்கியது. 1923இல் பெரும் நிலநடுக்கமும் தீயும் தோக்கியோவை அழித்தன. 1945இல் குண்டுவீச்சு மறுபடி எரித்தது, அதே ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு, 9 அன்று நாகசாகியில்.

இப்போது தெருவில் நின்று பாருங்கள். தோக்கியோவில் பழைய கட்டடம் ஏன் அரிது, கியோத்தோவில் ஏன் சந்துக்குச் சந்து மரவீடு என்ற கேள்விக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு ஊர் இரண்டு முறை எரிந்தது, இன்னொன்று பெருமளவு தப்பியது.

கூடவே ஒரு சின்னச் செய்தி. கியோத்தோவுக்கு முன் தலைநகராக இருந்தது நாரா. அங்கே தோதாய்ஜி கோயிலின் மாபெரும் வெண்கலப் புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. நம் ஊரில் சிலைக்குக் கண் திறக்கிற அதே சடங்குதான்.

3. எட்டு வாரம் முன்பு: மொழி, தமிழ் வழியாக

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் படும் பாட்டில் பாதி நமக்குக் கிடையாது. வாக்கியத்தின் கடைசியில் வினை வருவது அவர்களுக்கு அதிசயம், நமக்கு வீட்டுப் பேச்சு.

‘மோ’ என்றால் ‘உம்’. நிக்கு என்றால் இறைச்சி, சக்கானா என்றால் மீன். ‘நிக்கு மோ சக்கானா மோ தாபெமாசென்’: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் போதும், வரிசைகூட மாறவில்லை. கேள்விக்குக் கடைசியில் ‘கா’, நம் ‘ஆ’ மாதிரி. ‘தாபெதே மிமாஸ்’ என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். ‘மிரு’ என்பதற்குப் ‘பார்’ என்றுதான் பொருள். ருசி பார்ப்பதற்கு அவர்களும் கண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். கொரே, சொரே, அரே, தொரே: இது, உது, அது, எது. நடுவில் வரும் ‘உது’ தமிழ்நாட்டுப் பேச்சில் போய்விட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் ‘சொரே’ உங்களுக்கு ஒரு நிமிடப் பாடம்.

இந்த ஒற்றுமையை வைத்துச் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவனுக்கு லாபம்தான்.

எழுத்தில் கத்தகானாவை முதலில் பிடியுங்கள். மூன்று எழுத்து முறைகளில் வெளிநாட்டுச் சொற்களை எழுதப் பயன்படுவது இது. எழுத்துகள் 46தான். கோஹீ, பீரு, தோய்ரே, ஹொத்தெரு என்று கூட்டி வாசித்தவுடனே காபி, பீர், டாய்லெட், ஹோட்டல் என்று பொருளும் தெரிந்துவிடும். அகராதியே வேண்டாம். வரிசையும் நமக்குப் பழகியது: அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. வடமொழி எழுத்துகளைப் படித்த ஜப்பானியத் துறவிகள் வழியாகப் போன வரிசை அது. நாளுக்கு ஒரு வரிசை என்றால் பத்து நாள். பத்தாம் நாள் ஏதாவது ஒரு ஜப்பானிய உணவகத்தின் பட்டியலைக் கணினியில் திறந்து வாசித்துப் பாருங்கள். நான் முதலில் வாசித்த சொல் ‘கரே ரைசு’. கறியும் சோறும்தான்.

சித்திர எழுத்துகள் ஆயிரக்கணக்கில் உண்டு, பயப்பட வேண்டாம். ஒரு பத்து போதும்: ஆண், பெண், நுழைவு, வெளியேறு, நான்கு திசைகள், இறைச்சி, மீன். நுழைவு, வெளியேறு இரண்டிலும் ஒட்டி வரும் ‘வாய்’ என்ற எழுத்துதான் எனக்குப் பிடித்தது. வெறும் சதுரம். வெளியேறும் வழிக்கு ‘தெகுச்சி’ என்று பெயர், ‘வெளியே போகும் வாய்’. நாமும் வாயை வைத்துத்தானே ‘வாயில்’ என்றோம்! திசைகள் ஏன் என்றால், ஷின்ஜுக்கு நிலையத்துக்கு 200க்கும் மேல் வாசல்கள். தெற்கு வாசலில் வெளியேற வேண்டியவர் கிழக்கில் வெளியேறினால் பெட்டியை இழுத்துக்கொண்டு கால் மணி நேரம் சுற்ற வேண்டும். கித்தா வடக்கு, மினாமி தெற்கு, ஹிகாஷி கிழக்கு, நிஷி மேற்கு.

பேச வேண்டிய சொல் ஒன்றே ஒன்று என்றால் அது ‘சுமிமாசென்’. மன்னிக்கவும், கொஞ்சம் வழிவிடுங்கள், இங்கே வாங்க, உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன், எல்லாவற்றுக்கும் அதுதான். ‘தைஜோபு’ என்ற சொல்லில் கவனம். ‘பரவாயில்லை’ என்று நாம் சொல்வது போல, சரி என்றும் பொருள், வேண்டாம் என்றும் பொருள். கடைக்காரர் பை வேண்டுமா என்று கேட்க, நீங்கள் வேண்டும் என்று நினைத்துத் தைஜோபு என்றால் பை வராது.

வகுப்பில் சேர்ந்து படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னையில் ஏ.பி.கே-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பு நெடுங்காலமாக ஜப்பானிய மொழி கற்றுத் தருகிறது. பயணத்துக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் போனவர்கள் பலர் பயணம் முடிந்த பிறகும் விடுவதில்லை.

4. ஆறு வாரம் முன்பு: தட்டில் என்ன இருக்கிறது

அசைவக்காரர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம். மாடு, பன்றி இரண்டும் எங்கும் உண்டு, கரே ரைசிலும்கூட. அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் மனதில் வைக்க வேண்டிய சொல் ‘தாஷி’. அதுதான் அந்தச் சாறு. மிசோ சூப், ஊதோன், சோபா நூடுல்ஸ், பஜ்ஜி போன்ற வெண்டைக்காய் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, முட்டைச் சுருள், எல்லாவற்றிலும் தாஷி. இனாரி என்று ஒன்று இருக்கிறது, பொரித்த தோஃபுப் பைக்குள் சோறு, தோஃபு என்றால் சோயாப் பனீர். பார்த்தால் பரம சாது. அந்தப் பையை வேகவைப்பதே பெரும்பாலும் தாஷியில்தான். கடற்பாசியில் மட்டும் இறக்கும் தாஷியும் உண்டு, ஆனால் தெருக்கடையில் அதை எதிர்பார்க்க முடியாது.

அப்போது என்னதான் சாப்பிடுவது? கோயில் சமையல் இருக்கிறது, ‘ஷோஜின் ரியோரி’. துறவிகளின் சாப்பாடு, மீன் சாறு கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. கோயாசான் மலையில் கோயில்களிலேயே தங்கி அதைச் சாப்பிடலாம். விலை அதிகம், ஒரு இரவாவது தங்குங்கள். மற்ற நாட்களில் மூலைக்கு மூலை இருக்கும் 24 மணி நேரக் கடையில் சோற்று உருண்டை, ‘ஒனிகிரி’. உள்ளே உமே என்ற புளிப்புக் காயை ஊறவைத்து வைத்தது கிடைக்கும். வாங்குமுன் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைச் செல்பேசியில் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோனால் வெறும் சோறு எங்கும் கிடைக்கும். தட்டச்சு செய்த ஒரு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை, மீன் தாஷியும் ஆகாது. கடைசி வரிதான் உயிர்.

5. நாலு வாரம் முன்பு: கணக்கு

வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஏழு நாள் பாஸ் 2023 செப்டம்பர் வரை 29,650 யென், அக்டோபரில் 50,000 ஆக உயர்ந்தது. தோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒரு வழிக்கு 14,000 யென் அளவில் ஆகிறது. போய்வர 28,000. தோக்கியோ, கியோத்தோ, ஒசாக்கா மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். ஹிரோஷிமாவையும் தாண்டிப் போகிறீர்களா, அப்போது உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். தோக்கியோ–ஒசாக்கா ஷின்கான்சென் பாதை 1964 அக்டோபர் 1 அன்று திறந்தது, 515 கிலோமீட்டர், இன்று வேகமான வண்டியில் இரண்டரை மணி நேரம். நீளம் அகலம் உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி என்றால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைத் தனியாக அடுத்த விடுதிக்கு அனுப்பும் சேவை இருக்கிறது, விடுதி வரவேற்பிலேயே எடுத்துக்கொள்வார்கள், மறுநாள் போய்ச் சேரும். கைவீசிக்கொண்டு ரயில் ஏறுவது தனி சுகம்.

நகருக்குள் தட்டிப் போகும் அட்டை: சுயிக்கா, பஸ்மோ, இக்கோக்கா என்று ஊருக்கு ஒரு பெயர், ஒன்று எல்லா இடத்திலும் பெரும்பாலும் செல்லும். அதில் பணம் ஏற்றும் இயந்திரங்கள் பல ரொக்கம் மட்டுமே வாங்கும். சின்ன உணவகங்களும் கோயில்களும் அப்படித்தான். ஆகவே நாணயப்பை ஒன்று கட்டாயம். 500 யென் வரைக்கும் நாணயம்தான், மூன்றே நாளில் பாக்கெட் தொங்கிவிடும். நடுவில் ஓட்டை உள்ள மஞ்சள் 5 யென் நாணயத்தைச் செலவழித்துவிடாதீர்கள். ‘கோஎன்’ என்ற அதன் பெயருக்குத் தொடர்பு, உறவு என்றும் ஒலிப்பொருத்தம் உண்டு, கோயில் உண்டியலில் அதைப் போடுவது வழக்கம்.

டிப்ஸ் கிடையாது. மேஜையில் விட்டுவிட்டு வந்தால் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள்.

6. மூன்று வாரம் முன்பு: நடந்துகொள்வது

இணையத்தில் இதைப் பற்றி மிரட்டல் அதிகம். அவ்வளவு பயப்பட வேண்டாம், நம் வளர்ப்பிலேயே பாதி வந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதா? வித்தியாசம் ஒன்றுதான்: வாசலில் தாழ்வாக உள்ள தரையில் காலுறையோடு மிதிக்கக் கூடாது, கழற்றியவுடன் நேராக மேல்படிக்கு. காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் செல்பேசியில் பேசுவதில்லை. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது, தகனத்துக்குப் பிறகு எலும்பை எடுப்பது அப்படித்தான். குப்பைத்தொட்டி தெருவில் அபூர்வம். 1995இல் தோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு வைத்த பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும்.

கோயில்களில் ஒரு குழப்பம் வரும். தோரி என்ற வளைவு இருந்தால் அது ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிந்தோவின் தலம்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கும்பிட்டு, மறுபடி குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். நம் தெய்வங்கள் சிலரும் அங்கே இருக்கிறார்கள். பென்சைத்தென் நம் சரஸ்வதி, கையில் வீணை மாதிரி ஒரு கருவி. தோக்கியோவின் அசாகுசாவில் மத்சுச்சியாமா ஷோதென் என்ற கோயிலில் இருப்பவர் காங்கித்தென், அதாவது பிள்ளையார். மூலவரைப் பார்க்க முடியாது, மூடியே வைத்திருப்பார்கள். படைப்பது கொழுக்கட்டை இல்லை, முழு வெள்ளை முள்ளங்கி. அதே அசாகுசாவில் இருக்கும் பெரிய புத்தர் கோயிலான சென்சோஜிக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதாகத் தெரியவில்லை. நடந்து போகிற தூரம்தான்.

7. காகிதம், மருந்து, நிலநடுக்கம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். சென்னையில் ஜப்பானின் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் தளத்தில் உள்ள பட்டியலை மட்டும் நம்புங்கள். நாள்வாரியான பயணத் திட்டம் கேட்பார்கள். இதுவரை படித்தவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. தேதி நெருங்கியதும் ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை நிரப்பி வைத்தால் விமான நிலையத்தில் எழுதிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மருந்தில் அலட்சியம் கூடாது. நம் ஊரில் சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். 10 சதவீதத்துக்கு மேல் அது உள்ள மருந்து அங்கே தடை. கோடீனுக்கும் கட்டுப்பாடு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து என்றால் ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். கோழி, ஆட்டுக்கறி எந்த வடிவிலும் எடுத்துப் போகாதீர்கள், அம்மா செய்த கறி ஊறுகாயாக இருந்தாலும் சரி. பச்சைக் காய், பழத்துக்குச் சான்றிதழ் வேண்டும்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி உள்ள பிளக். செல்பேசி சார்ஜர் ஓடும், அடாப்டர் மட்டும் வாங்குங்கள்.

நிலநடுக்கம் வந்தால் எல்லாச் செல்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறும். முதல் முறை கேட்டால் குலை நடுங்கும். அங்கே செய்தியில் ‘ஷிந்தோ’ என்று ஓர் எண் சொல்வார்கள், கோயில் ஷிந்தோ இல்லை, வேறு சொல். நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கியது என்பதன் அளவு, 0 முதல் 7 வரை. 3 என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் தலை நிமிர்ந்து விளக்கைப் பார்ப்பார்கள், பிறகு சாப்பாட்டைத் தொடர்வார்கள். குலுங்கும்போது வெளியே ஓடாதீர்கள், மேஜைக்கு அடியில் போங்கள். காவல்துறை 110, ஆம்புலன்சும் தீயணைப்பும் 119.

8. கிளம்பும் வாரம்: ஒத்திகை

கூகுள் வரைபடத்தில் தெருப் படத்தைத் திறந்து, விடுதிக்கு அருகிலுள்ள ரயில் நிலைய வாசலில் நில்லுங்கள். அங்கிருந்து விடுதிக் கதவுவரை திரையிலேயே நடந்து போங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பகுதி, அதற்குள் தொகுதி, அதற்குள் கட்டட எண் என்றுதான் முகவரி. ‘இரண்டாவது குறுக்குத் தெரு’ என்று கேட்டுப் போக முடியாது. மூலையில் என்ன கடை, எந்த இடத்தில் திரும்பினோம் என்பதுதான் வழி. அந்த இரண்டு மூன்று அடையாளங்களை எழுதிக்கொள்ளுங்கள். வாசல் எண்ணையும்.

அப்புறம் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்கிற அந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், விமானத்திலும் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் அதே நண்பரோடுதான் போனேன். கியோத்தோவில் இன்னொரு சந்துக்கடை, இந்தத் தடவை செல்பேசியை எடுக்கவில்லை. நிக்கு மோ சக்கானா மோ தாபெமாசென், தாஷி மோ தாமெ தெஸ் (தாஷியும் ஆகாது) என்றார் அவர், பள்ளிக்கூடப் பையன் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி. கடைக்காரர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். பிறகு ஒரு கிண்ணம் சோறும், காய்கறி ஊறலும், குளிர்ந்த தோஃபு ஒரு துண்டும் எடுத்து வைத்தார். தோஃபுவின் மேல் தூவப் பழக்கதோஷத்தில் மீன் சீவலைக் கிள்ளி எடுத்தவர், பாதி வழியில் நின்று, எங்களைப் பார்த்து, அதைத் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினார்.